கையிருப்புக்குள் கல்யாணம்: 400 பெயர் கொண்ட பட்டியலை என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கல்யாணத்துக்கு இன்னும் 7 மாதம் இருக்கிறது. நீங்களும் உங்கள் வருங்காலத் துணையும் சேர்த்து வைத்த பணம்தான் கையிருப்பு; வீட்டிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இரண்டு வீட்டாரும் கொடுத்த பெயர்களைக் கூட்டினால் 400 பேர். அத்தனை பேருக்கும் வாங்கிய கொட்டேஷன்களைக் கூட்டினால் கையிருப்பைப்போல ஒன்றரை மடங்கு வருகிறது. "எதையெல்லாம் குறைக்கலாம், மீதிக்கு பெர்சனல் லோன் எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள்ளேயே "அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அதனால் பூவையும் அழைப்பிதழையும் எப்படிக் குறைப்பது என்று மட்டும் நான் பேசினால் உங்களுக்குப் பயன்படாது. யார் மனமும் நோகாமல் ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வழி உண்டா, அதை யார் யாரிடம் பேசுவது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கணக்கு எழுதும் வேலையிலிருந்து கல்யாண ஏற்பாட்டு வேலைக்கு வந்தவன். மதிப்பீடு போடுவதும், எல்லாம் முடிந்த பிறகு பில்களை அடுக்கி வைத்துக் கணக்குத் தீர்த்துக் கொடுப்பதும்தான் பல வருடங்களாக என் தொழில். பணம் எங்கே போகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உறவுகளைப் பற்றி நான் சொல்வதை, பல வீடுகளைப் பார்த்த ஒரு வெளியாளின் யோசனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சித்தப்பாவைக் கூப்பிடாவிட்டால் எத்தனை வருடம் பேச்சு நிற்கும் என்பது உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். கல்யாணச் செலவுகள் மூன்று விதமாக ஏறுகின்றன. சாப்பாடு தலைக்கு இவ்வளவு என்று ஏறும். மண்டபம், மேசை நாற்காலி, பரிமாறும் ஆட்கள், வண்டி எல்லாம் ஒவ்வொரு படியாகத் தாவி ஏறும். 250 பேர் வரை ஒரு மண்டபம் தாங்கும், 260 ஆகிவிட்டால் அடுத்த பெரிய மண்டபத்துக்குப் போயாக வேண்டும். புகைப்படக்காரர், மணமக்களின் உடை, மைக் செட் போன்றவை 100 பேர் வந்தாலும் 400 பேர் வந்தாலும் ஏறக்குறைய அதே செலவுதான். எதைக் குறைப்பது என்று யோசிக்கும்போது பெரும்பாலோர் கண்ணில் படுவது இந்த மூன்றாவது வகைதான். பணம் கிடப்பதோ முதல் இரண்டில்.

கையிருப்பை 100 என்று வைத்துக்கொண்டால் உங்கள் கொட்டேஷன்களின் மொத்தம் 150. பேச்சுக்காக அதை இப்படிப் பிரிக்கிறேன், உங்கள் தாளில் விகிதம் கொஞ்சம் மாறலாம்: சாப்பாடு 70, மண்டபமும் அதைச் சார்ந்ததும் 30, மற்றதெல்லாம் சேர்த்து 50. இப்போது ஆள் எண்ணிக்கையைத் தொடாமல், அந்த மற்றதை மட்டும் பேரம் பேசி, கிள்ளிக் கிள்ளி 30 சதவீதம் குறைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதற்கே ஏகப்பட்ட அலைச்சலும் மனத்தாங்கலும் ஆகியிருக்கும். மிச்சமானது 15. மொத்தம் இன்னும் 135-ல் நிற்கிறது. மாறாக 400 பேரை 200 ஆக்கினால் சாப்பாடு 35-க்கு வரும், சிறிய மண்டபம் 20-க்குள் முடியும், அழைப்பிதழும் வண்டியும் குறைவதால் மற்றது 44 ஆகும். மொத்தம் 99. அலங்காரத்திலும் உடையிலும் ஒரு 9 குறைத்தால் 90. எஞ்சும் 10 எதிர்பாராத செலவுக்கு. அந்த 10-ஐ யாரும் தொடக்கூடாது. அது இல்லாத மதிப்பீட்டை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

ஆள் எண்ணிக்கையைப் பாதியாக்க வீட்டில் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றால் இன்னொரு பாதையும் இருக்கிறது. 400 பேரையும் கூப்பிடுங்கள், ஆனால் முழு விருந்து போடாதீர்கள். சாப்பாட்டு நேரம் இல்லாத ஒரு பொழுதில், இரண்டு மூன்று மணி நேர நிகழ்ச்சியாக வைத்து, நல்ல சிற்றுண்டியோடு முடித்துக்கொள்ளலாம். தலைக்கு ஆகும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் சாப்பாடு 24. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் மண்டபம் கிடைத்தால் அது 24. மற்றதை இறுக்கிப் பிடித்து 42-க்குள் நிறுத்தினால் இதுவும் 90-ல் வந்து நிற்கும். இந்த வழியில் ஒரு நிபந்தனை: சாப்பாட்டு நேரத்தை ஒட்டி நிகழ்ச்சியை வைத்துவிட்டுச் சிற்றுண்டியோடு அனுப்பினால் வந்தவர்கள் முகம் வாடும். அழைப்பிதழிலேயே ஆரம்பிக்கும் நேரம், முடியும் நேரம், சிற்றுண்டி என்ற மூன்றும் இருக்கட்டும். என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து வருகிறவர்கள் குறை சொல்வது அபூர்வம்.

உங்கள் முன் இருப்பது இந்த இரண்டு பாதைகள்தான். எண்ணிக்கை, தலைக்கு ஆகும் தொகை ஆகிய இரண்டில் ஒன்றை இறக்கியே ஆக வேண்டும். அப்பாவிடம் போகும்போது "குறையுங்கள்" என்று போகாதீர்கள். ஒரே தாளில் மூன்று பத்தி போடுங்கள்: 400 பேர் முழு விருந்து, 200 பேர் முழு விருந்து, 400 பேர் சிற்றுண்டி. ஒவ்வொன்றுக்கும் அடியில் மொத்தம், அதற்கும் அடியில் கையிருப்பு, கடைசியில் மிச்சமா துண்டா என்று ஒரு வரி. அதை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்கக் குடும்பக் கணக்குப் பார்த்தவர்கள். கெஞ்சலுக்கும் வாதத்துக்கும் கோபப்படுகிறவர்கள்கூடத் தாளில் தெரியும் துண்டு தொகையைப் பார்த்ததும் "சரி, என்ன பண்ணலாம்?" என்று இறங்கி வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வேறெதையும் முயலும் முன் இதை முயன்று பாருங்கள். அவரவர் வீட்டில் அவரவர் பேசுவது முக்கியம். வரப்போகும் மருமகளோ மருமகனோ எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னதாக ஆகிவிட்டால், கல்யாணம் முடிந்து பல வருடம் கழித்தும் அந்தப் பேச்சு வரும்.

200 பேர் பாதையைத் தேர்ந்தால், முதலில் எண்ணைப் பிரியுங்கள், பெயர்களை அதன்பிறகு எழுதுங்கள். இந்த வீட்டுக்கு 75, அந்த வீட்டுக்கு 75, உங்கள் இருவரின் நண்பர்களுக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் 50 என்பது போல. பெயரிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நியாயம் இருக்கும். எண்ணிலிருந்து தொடங்கினால் தேர்ந்தெடுக்கும் வேலை அவரவர் கைக்குப் போய்விடும். "நீங்கள் இவரைக் கூப்பிடாதீர்கள்" என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டி வராது. பெயர்களை வெட்டும்போது வகையாக வெட்டுங்கள், தனி ஆளாக வெட்டாதீர்கள். அலுவலகத்திலிருந்து யாரையும் அழைக்கவில்லை என்பதை எவரும் ஏற்றுக்கொள்வார்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேரை மட்டும் அழைத்தால் மீதி ஏழு பேரும் காரணம் தேடுவார்கள். தடுமாற்றமான பெயர்களுக்கு ஒரு கேள்வி போதும்: கடந்த ஒரு வருடத்தில் இவரோடு நேரிலோ போனிலோ பேசியிருக்கிறோமா? இல்லை என்றால், இந்தக் கல்யாணம் அந்த உறவைப் புதுப்பிக்கத்தான் என்று யாராவது மனதாரச் சொன்னாலொழிய, அந்தப் பெயர் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகட்டும். அழைக்க முடியாத நெருக்கமானவர்கள் சிலர் இருந்தே தீருவார்கள். அவர்களுக்கு மற்றவர் வாய்வழியாகத் தெரியும் முன் நீங்களே போன் செய்து, சின்னதாக வைக்கிறோம், கையில் இருப்பதற்குள் செய்கிறோம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகு வரும் வருத்தம் சொல்லாமல் விட்டதால் வரும் வருத்தத்தைவிடக் குறைவு.

சின்னதாக வைத்தால் ஏதாவது குறைந்துபோகுமா என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. இதற்கு ஒரு ஆய்வைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள், பாதியை மட்டும் சொல்வார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலன் என்ற பொருளியலாளர்கள் கல்யாணமான, கல்யாணமாகிப் பிரிந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2015-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கல்யாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களின் மணவாழ்க்கை அதனால் நீடித்ததாகத் தெரியவில்லை; செலவு மிக அதிகமாக இருந்த இடங்களில் பிரிவுதான் கூடுதலாக இருந்தது. இது பலரும் சொல்லும் பாதி. விருந்தினர் அதிகம் வந்த கல்யாணங்களில் பிரிவு குறைவாக இருந்தது என்பது அதே கட்டுரையின் மறுபாதி. நான் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதால் அதை மறைக்கக் கூடாது. இவை இரண்டுமே சேர்ந்து காணப்படும் தொடர்புகள் மட்டுமே. ஒன்றால் மற்றது நடந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. உறவும் நட்பும் நிறைந்தவர்களுக்குக் கூட்டமும் வரும், கஷ்டத்தில் தாங்கிப் பிடிக்க ஆட்களும் இருப்பார்கள், அவ்வளவாகக்கூட இருக்கலாம். ஆனால் செலவைக் குறைத்ததால் மணவாழ்க்கைக்குக் கேடு வரும் என்று நினைக்க இதில் எந்த ஆதாரமும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அழைத்த எல்லோரும் வரப்போவதில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். நான் செய்வது, பட்டியலை மூன்று பத்தியாகப் பிரிப்பது: நிச்சயம் வருவார்கள், வரலாம், வருவது சந்தேகம். முதல் பத்தியில் பத்துக்கு ஒன்பது, இரண்டாவதில் பத்துக்கு ஆறு, மூன்றாவதில் பத்துக்கு மூன்று என்று கணக்கு வைப்பேன். இது அனுபவத்தில் கைவந்த கணக்கு, விதி கிடையாது. ஒரு குடும்பம் வந்தால் ஐந்து பேராக வரும், வராவிட்டால் ஐந்து பேரும் குறையும்; அதனால் நிஜ எண்ணிக்கை நாம் நினைப்பதைவிட அதிகமாகவே மேலும் கீழும் ஆடும். கேட்டரிங்காரரிடம் முதலில் குறைந்தபட்ச எண்ணிக்கையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். கடைசி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு வரை மாற்றலாம், அதற்கு மேல் வந்தால் தட்டுக்கு என்ன விலை என்பதையும் எழுதி வாங்குங்கள். குறைந்தபட்சம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கீழே ஆள் வந்தாலும் காசு கொடுத்தாக வேண்டும். அதனால் அந்த எண்ணைத் தாழ்வாகச் சொல்வது உங்களுக்கு நல்லது.

தட்டுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைசி நேரச் சண்டைகளில் பாதி இதில்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சமையலறை வாசலில் வீட்டுப் பெரியவர் ஒருவரும் கேட்டரிங் மேற்பார்வையாளரும் நிற்பார்கள். இவர் 220 என்பார், அவர் 260 என்பார். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை, யாருமே எண்ணவில்லை, அவ்வளவுதான். இதைத் தவிர்க்க, பரிமாறத் தொடங்கும் முன் சுத்தமான தட்டுகளை எண்ணி ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பக்கம் ஒருவரும் கேட்டரிங் பக்கம் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்ததும் மிஞ்சிய சுத்தமான தட்டுகளை எண்ண வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பில். நடுவில் கழுவித் திரும்ப எடுக்கும் தட்டுகள் இருந்தால் அதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அரைக் கணக்கா, புகைப்படக்காரர், அலங்காரம் செய்தவர்கள், ஓட்டுநர்கள் சாப்பிடுவது கணக்கில் வருமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். அவர்களும் பசியோடு நாள் முழுக்க நிற்பவர்கள். அவர்களுக்கான சாப்பாட்டை மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்ப்பதுதான் நேர்மை.

மண்டபத்தைப் பொறுத்தவரை, வட்ட மேசை போட்டு உட்கார வைக்க ஆளுக்கு 10 முதல் 12 சதுர அடி என்பது ஏற்பாட்டாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. வரிசை நாற்காலி மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. 200 பேர் ஒரே நேரத்தில் சாப்பிட 2,000 முதல் 2,400 சதுர அடி, அதோடு மேடைக்கும் நடைபாதைக்கும் இடம். இதை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், "400 பேர் தாராளமாக உட்காரலாம்" என்ற வாய்வார்த்தையில் மயங்க மாட்டீர்கள். 200 பேருக்குப் பெரிய மண்டபம் எடுப்பதும் தவறு. வாடகை போக, காலி இடத்தை நிரப்ப அலங்காரத்துக்கு வேறு கொடுக்க வேண்டி வரும். சடங்கும் விருந்தும் ஒரே இடத்தில் நடந்தால் வண்டிச் செலவும் இரட்டை அலங்காரமும் போய்விடும். எல்லோரும் போட்டி போடும் நாட்களை விட்டுவிட்டு, தேவை குறைவான மாதத்திலோ வார நாளிலோ வைத்தால் பேரம் பேச இடம் கிடைக்கும். எவ்வளவு குறையும் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் குறையும் என்பது உறுதி. வார நாளில் வைத்தால் தூரத்திலிருந்து வருபவர்கள் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைக்கிறோம் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

மண்டபக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எண்ணிக்கை முடிவாகாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்த நிமிடமே, மண்டபத்தின் அளவு உங்கள் பட்டியலைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். இடம் இருக்கிறதே, இன்னும் ஐம்பது பேரைக் கூப்பிடலாமே என்று வீட்டில் கிளம்பும். ஒரு வாரம் தேதியை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். கொடுக்கும் நாளில் ரசீதும் ஒப்பந்தமும் சேர்ந்தே வர வேண்டும். தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, வரி, கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, தேதி மாறினாலோ ரத்தானாலோ எவ்வளவு திரும்ப வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எந்தக் கொட்டேஷனையும் வாங்கியதும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தொகையைக் கொடுத்த பிறகு, அன்றைக்கு வேறு எதற்காகவாவது என்னிடம் பணம் கேட்பீர்களா?" பதில் சொல்ல யோசிக்கிறார் என்றால் அங்கேதான் மறைந்திருக்கும் செலவு. பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். மொத்தத்தையும் முன்கூட்டியே கொடுத்தால் தள்ளுபடி என்பார்கள், அதை ஏற்காதீர்கள். சிறிய பங்காவது வேலை முடிந்த பிறகு கொடுப்பதற்காக உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சேர்த்துக்கொண்டே போகும் சின்னச் சின்னச் செலவுகள்தான் திட்டமிட்ட கல்யாணத்தையும் கவிழ்ப்பவை. இதற்குக் காரணம் நம் மனம் பணத்தை எடைபோடும் விதம். ஏமஸ் டுவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், 5 டாலர் மிச்சம் பிடிக்க 20 நிமிடம் தள்ளியிருக்கும் கடைக்குப் போவீர்களா என்று கேட்டார்கள். வாங்குவது 15 டாலர் கால்குலேட்டர் என்றபோது 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். 125 டாலர் பொருள் என்றபோது அதே 5 டாலருக்காகப் போவோம் என்றவர்கள் 29 சதவீதம்தான். மிச்சமாகும் காசு ஒன்றுதான், ஆனால் பெரிய தொகைக்குப் பக்கத்தில் அது அற்பமாகத் தெரிகிறது. கல்யாணத்தில் எல்லாமே பெரிய தொகைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சாதாரண நாளில் பத்து முறை யோசித்து வாங்கும் பொருளை, "இவ்வளவு பண்ணுகிறோம், இதையும் பண்ணிவிடுவோம்" என்று ஒரே நிமிடத்தில் ஒத்துக்கொள்வோம். இதற்கு நீங்கள் இருவரும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: புதிதாக ஒன்று சேர்த்தால், அதற்கு ஈடாக எதை எடுக்கிறோம் என்று அதே பேச்சில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சேர்க்கக் கூடாது.

எதைக் குறைப்பது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் கல்யாணம், எல்லாவற்றிலும் குறைந்ததாகத் தெரியும். சிலவற்றை அடியோடு எடுத்துவிட்டு, வைத்திருப்பதை ஒழுங்காகச் செய்யுங்கள். அச்சடித்த அழைப்பிதழை மூத்தவர்களுக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களுக்கு போனில் அனுப்பலாம். ஒரே நாளுக்கான உடையை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது பிறகும் உடுத்தக்கூடியதாக வாங்கலாம். அலங்காரம் மேடையிலும் வாசலிலும் போதும். பூ அந்தப் பருவத்தில் கிடைப்பதாக இருக்கட்டும். வீடியோவை விட்டுவிட்டுச் சில மணி நேரத்துக்கு நல்ல புகைப்படக்காரரை வையுங்கள். நண்பரை எடுக்கச் சொல்வதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு: அவர் நன்றாக எடுக்கலாம், ஆனால் உங்கள் கல்யாணத்தை அவர் லென்ஸ் வழியாக மட்டுமே பார்ப்பார். யார் எடுத்தாலும் அன்றிரவே படங்கள் இரண்டு இடத்தில் நகலெடுக்கப்பட வேண்டும். தொடக்கூடாதவை என்று நான் நினைப்பவை நான்கு: உணவின் தரம், குடிநீரும் கழிப்பறையும், வயதானவர்கள் உட்கார வசதியான இடம், பேசுவது கடைசி வரிசைக்கும் கேட்கும்படியான மைக். வந்தவர்கள் வீட்டுக்குப் போய் நல்லதோ கெட்டதோ பேசுவது இவற்றைப் பற்றித்தான்.

லோனைப் பொறுத்தவரை, எடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஆண்டு வட்டி 12 சதவீதம், அதுவும் கட்டக் கட்டக் குறையும் பாக்கி அசலின் மீது மட்டும், 3 வருடத் தவணை என்றால், வாங்கும் ஒவ்வொரு 100-க்கும் கட்டி முடிக்கும்போது சுமார் 120 கட்டியிருப்பீர்கள். 24 சதவீதம் என்றால் சுமார் 141. கிரெடிட் கார்டில் ஏறி, மாதம் 3 சதவீதம் ஓடினால், அதே 3 வருடத்தில் சுமார் 165. "ஃபிளாட் வட்டி 10 சதவீதம்தான்" என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், 3 வருடக் கடனில் அதன் உண்மையான ஆண்டு வட்டி 18 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உங்களுக்குத் துண்டு விழுவது கையிருப்பில் பாதி. அதை லோன் போட்டு அடைத்தால், புதுக்குடித்தனத்தின் முதல் மூன்று வருடமும் ஒரு நாள் விருந்துக்கான தவணை ஓடும். வீட்டு முன்பணம், பாத்திரம் பண்டம், மருத்துவச் செலவு எல்லாம் அதே மூன்று வருடத்தில்தான் வரும். அன்பளிப்பாக வரும் பணத்தில் அடைத்துவிடலாம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். வந்தால் மகிழ்ச்சி, மதிப்பீட்டின் வரவுப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. இரண்டு பேரின் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான தொகையைக் கல்யாணக் கணக்கிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் கையிருப்பு என்று சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்தால் உங்கள் 100 இன்னும் கொஞ்சம் இறங்கலாம். இறங்கினால் எண்ணிக்கையும் அதற்கேற்ப இறங்கட்டும்.

வீட்டில் யாராவது, நான் தருகிறேன், ஆட்களைக் குறைக்காதீர்கள் என்று முன்வந்தால் மறுக்க வேண்டியதில்லை. அவர் கடன் வாங்காமல் தருகிறாரா என்று மட்டும் கேளுங்கள். எதற்காகத் தருகிறார், அந்தப் பணத்தோடு எந்தெந்த முடிவுகளில் அவர் பேச்சு இருக்கும் என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர் சாப்பாட்டுப் பட்டியலையும் மாற்றத் தொடங்குவது சகஜம். பெருந்தன்மையாகக் கொடுத்தவர்கள்தான் அவர்கள், ஆனால் எல்லை பேசப்படவில்லை.

கல்யாண நாளன்று பணப்பொறுப்பு உங்கள் இருவரிடமோ பெற்றோரிடமோ இருக்கக் கூடாது. கணக்கில் தெளிவும், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் தைரியமும் உள்ள ஒருவரை இப்போதே கேட்டு வையுங்கள். மண்டபக்காரர், கேட்டரிங்காரர், புகைப்படக்காரர் என ஒவ்வொரு வேலைக்காரருக்கும் ஒரு கவர்: மேலே பெயர், போன் எண், ஒப்புக்கொண்ட மொத்தம், கொடுத்த அட்வான்ஸ், பாக்கி, உள்ளே பாக்கித் தொகையும் ஒப்பந்த நகலும். எதிர்பாராத செலவுக்கான அந்த 10 பங்கும் அவரிடமே இருக்கட்டும், எதற்கு எவ்வளவு எடுத்தார் என்று அதன் மேலேயே எழுதட்டும். கூடுதலாக எதை ஏற்பாடு செய்வதாக இருந்தாலும் அவர் சம்மதித்தால்தான் பணம் என்று வேலைக்காரர்கள் எல்லோருக்கும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். உங்கள் மாமாவோ, நான் அனுபவத்தில் அதிகம் பார்த்திருக்கும் உற்சாகமான நண்பரோ, இன்னும் நாலு விளக்கு போடச் சொல்லிவிட்டுப் போனாலும், அந்தக் கவர் வைத்திருப்பவர் தலையாட்டினால்தான் அது பில்லில் ஏறும்.